ஸ்கேன் படம் போட்டோவா, ரிப்போர்ட்டா?

வாசகர் ஒருவர் எழுதியது:
"மாசமாக இருக்கிற பெண்ணின் ஸ்கேன் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள், ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டுகிறார்கள். அது போட்டோவே இல்லை. டாக்டர் பார்க்கிற ரிப்போர்ட். நம் வழக்கத்தில் குழந்தை பிறக்கும்வரை தொட்டில்கூட வாங்க மாட்டோம். இதற்கு மட்டும் என்ன அவசரம்?"

ஏப்ரல் 17

போட்டோதான்.

வடசென்னையில், காலடிப்பேட்டையில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஃப்ரேம் கடை வைத்து 19 வருடம் ஆகிறது. பட்டா, ரேஷன் கார்டு, மார்க் ஷீட், கல்யாணப் படம், இறந்தவர் படம், எல்லாம் என் கை வழியாகப் போயிருக்கிறது. மற்றதை எல்லாம் மேஜைமேல் வைத்துவிட்டுப் பக்கத்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். ஸ்கேன் படத்தை மட்டும் இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்தபடியே "இத்த இன்னாக்கா பண்லாம்?" என்று கேட்பார்கள். கையைவிட்டுத் தருவதற்கு ஒரு நிமிடம் ஆகும். அதே ஃபைலில் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை மடித்து விசிறிக்கொண்டிருப்பார்கள். ரிப்போர்ட்டை யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

ஏப்ரல் 17, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஸ்கேன் படத்துக்கு நேராக லேமினேஷன் போடாதீர்கள். எந்தக் கடைக்காரர் போடலாம் என்று சொன்னாலும் கேட்காதீர்கள்.

அந்தப் படம் மையால் அச்சடித்தது இல்லை. காகிதத்தின்மேல் சூடு பட்டால் கறுக்கிற ஒரு பூச்சு இருக்கிறது. பிரிண்டரில் இருக்கும் ஊசிமுனை அளவு சூட்டுப் புள்ளிகள் எங்கே தொடுகின்றனவோ அங்கே கறுப்பு, தொடாத இடம் வெள்ளை. பேருந்து டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு எல்லாம் இதே வகைதான். லேமினேஷன் உருளையின் சூடு நூறு டிகிரிக்கு மேல். உள்ளே விட்டால் மூன்று விநாடியில் மொத்தமும் கறுத்து வெளியே வரும். ஒரு படம் அப்படிக் கெட்டுப்போனது.

ஆல்பத்தில் பளபளவென்று இருக்கிற பி.வி.சி. உறையும் வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் காகிதத்தில் இறங்கி, படம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். பீரோவில் பத்திரமாக வைத்ததே வெள்ளைக் காகிதமாகிப்போனது என்று எத்தனையோ பேர் கொண்டுவந்திருக்கிறார்கள்.

முதலில் வெளிச்சத்தில் வைத்துச் செல்போனிலோ ஸ்கேனரிலோ ஒரு நகல் எடுங்கள். அதை போட்டோ பேப்பரில் போட்டு, அந்த நகலுக்கு லேமினேஷன் போடுங்கள். மூலப் படம் இரண்டு வெள்ளைத்தாள்களுக்கு நடுவில், இருட்டில், சூடு படாத இடத்தில் இருக்கட்டும். கேஸ் அடுப்புக்கு மேல் இருக்கும் அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஏப்ரல் 20

தொட்டில் விஷயத்துக்கு வருகிறேன். என் அத்தை, அதாவது மாமியார், தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். மதியத்தில் கடையில் உட்காருவார். அவருக்கும் இந்தப் படங்கள் பிடிக்காது. "பொறக்காத கொயந்தைக்கு இன்னா படம்? கண்ணு பட்டுடும்" என்று வாடிக்கையாளர் காதில் விழவே சொல்வார்.

அத்தை காலத்திலும் மாசமான பெண்ணைப் படம் எடுக்கத்தான் செய்தார்கள். அவருடைய வளைகாப்புப் படம் வீட்டில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் அப்போது இருந்த ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நிற்கவைத்து, பூ தைத்த சடை கண்ணாடியில் முழுசாகத் தெரிகிற மாதிரி. முகம் ஒரு பக்கம், சடை இன்னொரு பக்கம், கை நிறைய வளையல். வயிறு மட்டும் புடவைக்குள் போய்விட்டது. எதைக் கொண்டாட வந்தார்களோ அது படத்தில் இல்லை. குழந்தையைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் குழந்தையை மறைத்த படம் அது.

ஸ்கேன் படம் அப்படியே தலைகீழ். அம்மாவின் முகம் இல்லை, சடை இல்லை, வளையல் இல்லை. உள்ளே இருப்பது மட்டும்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு குடும்பப் படம் முழுசாகிறது என்று எனக்குத் தோன்றும்.

போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஒரு காலத்தில் பெரியவர்களே ஸ்டுடியோவுக்குப் போகப் பயந்தார்கள். இன்று குப்புற விழுந்த குழந்தைக்குக் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து எடுக்காத வீடு இல்லை. கண்ணேறு பயமும் படமும் ஒரே பொட்டில் சமாதானம் ஆகிவிட்டன.

ஏப்ரல் 28

இன்று கடைக்கு வந்தவரைப் பற்றி எழுதியே ஆகவேண்டும்.

காசிமேட்டு லாஞ்சு டிரைவர், இருபத்தைந்து இருபத்தாறு வயது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். லாஞ்சு கரையில் நிற்கிறது, அதனால் மனைவியோடு ஸ்கேனுக்கு அவரே போயிருக்கிறார். 12 வாரப் படம். நகல் எடுக்கக் கொடுத்தவர், நான் கேட்காமலே விளக்க ஆரம்பித்தார்.

"கறுப்பா கீது பாரு, அது தண்ணி. வெள்ளையா கீது பாரு, அது கெட்டி. நம்ம எக்கோ சவுண்டர்ல தரை தெரியற மாதிரிதான்க்கா. உள்ள டாக்டரம்மா காட்டறப்பவே நான் சொல்ட்டேன், தல எது, முதுகு எதுன்னு. அவங்களே பாத்தாங்க."

அவர் சொன்னது சரி. லாஞ்சில் இருக்கும் கருவி தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கிறது. கடல் நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 75 மீட்டர் ஆழத்தில் தரை இருந்தால், போய் வர விநாடியில் பத்தில் ஒரு பங்கு. நம் உடம்புக்குள் விநாடிக்கு 1540 மீட்டர் என்று ஸ்கேன் மெஷின் கணக்கு வைத்திருக்கிறது. ஏழரை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிற குழந்தையைத் தொட்டு ஒலி திரும்ப விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எலும்பு நன்றாக எதிரொலிக்கும், அதனால் வெள்ளை. பனிக்குட நீர் எதிரொலிக்காது, அதனால் கறுப்பு. இடையில் காற்று இருந்தால் ஒலி உள்ளே போகாது. அதற்குத்தான் வயிற்றில் அந்தக் குளிர்ந்த ஜெல். ஆரம்ப மாதங்களில் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வரச் சொல்வது, நிரம்பிய மூத்திரப்பை ஒலிக்கு ஒரு ஜன்னலாக இருக்கும் என்பதற்கு.

அந்தத் தம்பி பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவர். என் கடைக்கு வந்தவர்களில் அந்தப் படத்தைச் சரியாகப் படித்த முதல் அப்பா அவர்தான்.

ஏப்ரல் 28, இரவு

எக்கோ சவுண்டரைப் பற்றி எழுதியதும் என் அண்ணன் போன் செய்தார். ரயில்வேயில் இருந்தவர். வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் பக்கத்துத் தண்டவாளத்தில் விரிசல் பார்க்கத் தள்ளுவண்டி போல ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அதுவும் இதே அல்ட்ராசவுண்டுதான் என்றார்.

வரலாறும் அப்படித்தான். கிளாஸ்கோவில் இயான் டொனால்ட் என்ற மகப்பேறு டாக்டர், இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருந்தபோது ரேடார், சோனார் கருவிகளைத் தெரிந்துகொண்டவர். 1955இல், அறுவை செய்து எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் கருவியை அந்தக் கட்டிகள்மேல் வைத்துப் பார்த்தார். ஜான் மெக்விக்கர், டாம் பிரவுன் என்ற இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1958இல் வந்தது. பிறக்காத குழந்தையின் அல்ட்ராசவுண்டு படம் அதில்தான் முதலில் உலகத்துக்குத் தெரிந்தது.

கொதிகலன், தண்டவாளம், லாஞ்சு. எல்லாம் எங்கள் வடசென்னைச் சாமான்கள். இந்தப் படம் எனக்கு அந்நியமாகத் தெரியாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ.

மே 3

"அக்கா, நீ எவ்ளோ படம் பாத்திருப்ப. ஆணா பொண்ணா, பாத்து சொல்லு."

மாதம் இரண்டு மூன்று பேராவது கேட்பார்கள். சிலர் தாங்களே முடிவோடு வருவார்கள்: துடிப்பு 140க்கு மேல் என்றால் பெண், நஞ்சுக்கொடி வலது பக்கம் என்றால் ஆண். இரண்டுமே பொய். துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

எனக்குத் தெரியாது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். தெரிந்தாலும் சொல்ல மாட்டேன் என்றும் சொல்வேன். 1994இல் வந்த சட்டம், 1996 ஜனவரி 1 முதல் நடைமுறை, 2003இல் இன்னும் இறுக்கினார்கள். வாயால் மட்டும் இல்லை, சைகையாலும் வேறு எந்த வழியாலும் சொல்லக்கூடாது. ஸ்கேன் எடுக்கும் முன் 'எஃப்' படிவத்தில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்று அந்தப் பெண் கையெழுத்துப் போடுகிறாள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்கு இந்தியாவில் 919 பெண், தமிழ்நாட்டில் 943. எங்கே போனார்கள் மீதிப் பெண்கள் என்று கேட்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் என்று விளங்கும்.

வெளிநாட்டில் இதே படத்தைக் காட்டி, நீல பலூன், ரோஸ் பலூன் உடைத்துச் சொல்லிவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பது, எல்லோரும் கேட்கிற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாத போட்டோ. தமிழுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. குழந்தை 'ஒதைக்குது', 'தூங்குது', 'கை ஆட்டுது'. அவன், அவள் என்று சொல்லவேண்டிய கட்டாயம் நம் வாய்க்கு இல்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் 'பாப்பா' என்று மட்டும் சொல்லும் குடும்பத்தைக் கண்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

மே 4

நேற்று எழுதியதோடு இதையும் சேர்க்கவேண்டும். 3டி படம் கொண்டுவந்த ஒரு பாட்டி, "நல்ல செவப்பு, மஞ்சா பூசின மாதிரி கீது பாரு" என்று மருமகளை அணைத்துக்கொண்டார். அந்த மஞ்சள் பழுப்பு குழந்தையின் நிறம் இல்லை. மெஷின் பூசுகிற நிறம். ஒலிக்கு நிறம் கிடையாது. வேண்டுமென்றால் அதே படத்தை நீலத்திலும் காட்டும். இதைப் பாட்டியிடம் பொறுமையாகச் சொன்னேன். மருமகள் முகத்தைப் பார்த்தபோது, சொன்னது நல்லதாயிற்று என்று பட்டது. மாநிறத்தில் ஒரு குழந்தை பிறந்து, 'படத்துல செவப்பா இருந்துச்சே' என்ற பேச்சை அவள் ஏன் கேட்கவேண்டும்?

மே 11

ஏப்ரல் 17 இரவு 'ஒரு படம் அப்படிக் கெட்டுப்போனது' என்று எழுதினேன். அந்த வாக்கியத்தைத் திருத்தவேண்டும். அது தானாகக் கெட்டுப்போகவில்லை. நான் கெடுத்தேன்.

2017. கொருக்குப்பேட்டைப் பெண், முதல் குழந்தை. லேமினேஷன் போடச் சொல்லி நீட்டினாள். அந்தக் காகிதத்தைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. வாங்கினேன், உறைக்குள் வைத்தேன், மெஷினில் விட்டேன். வெளியே வந்தது ஒரு கறுப்பு அட்டை. மேலே இருந்த அவள் பெயரும் கறுப்புக்குள் போய்விட்டது. அவள் சத்தம் போடவில்லை. "பரவால்லக்கா, அஞ்சாம் மாசத்துல இன்னொண்ணு எடுப்பாங்க" என்றாள். பணம் வேண்டாம் என்றேன். கறுப்பு அட்டையை வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்தாம் மாத ஸ்கேன் அவளுக்கு வரவில்லை. 17 வாரத்தில் துடிப்பு நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அதே அட்டையோடு வந்து, "இத்த திரும்ப வெள்ளையாக்க முடியுமாக்கா?" என்று கேட்டாள். போனில் எடுத்து வைத்திருக்கவில்லை. அவளிடம் இருந்தது அந்த ஒன்றுதான்.

இதை எழுதவே இத்தனை நாள் ஆகிவிட்டது.

மே 12

கேட்டவர்களுக்கு: ஆமாம், ஸ்கேன் எடுத்த இடத்துக்கு அவளோடு நானும் போனேன். மெஷினில் பழைய படங்களை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள். ரிப்போர்ட் நகல் மட்டும் கிடைத்தது. அதில் படம் இல்லை, எண்கள்தான். தலை முதல் பிட்டம் வரை 61 மில்லிமீட்டர். 12 வாரம் 4 நாள். துடிப்பு 158. கடையில் பேனா வாங்கி, கறுப்பு அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, அந்த மூன்று எண்களையும் அவளே எழுதிக்கொண்டாள்.

முதல் நாள் ரிப்போர்ட்டை விசிறிக்கொள்வார்கள் என்று எழுதினேனே. படம் போனபிறகு ரிப்போர்ட்டே படம் ஆகிவிடுகிறது. போட்டோவா ரிப்போர்ட்டா என்ற கேள்விக்கு நான் அவ்வளவு அவசரமாகப் பதில் சொல்லியிருக்கக் கூடாது.

மே 19

மே 11ஆம் தேதிக் குறிப்பை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: அவருக்கும் மூத்தது ஒன்று, ஏழாம் மாசத்தில் போனது. அவர் அம்மா ஆசையாக முன்கூட்டியே தொட்டில் வாங்கி வைத்திருந்தாராம். "அத்த திருப்பிக் குடுக்க எங்கம்மா மூணு வாட்டி கடைக்கு நடந்துச்சு. அந்தத் தொட்டி வூட்ல இருந்த நாளெல்லாம் நான் அந்தப் பக்கமே திரும்பல."

இந்தக் கடையில் 19 வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் இதை என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

கண்ணேறு என்று அவர் சொன்னதை மூடநம்பிக்கை என்று நினைத்திருந்தேன். ஏப்ரல் 20 குறிப்பில் மைப்பொட்டோடு சமாதானம் ஆகிவிட்டது என்று எளிதாக எழுதியும்விட்டேன். பிறக்கும்வரை எதையும் வாங்காதே என்ற வழக்கத்துக்குள், வெறுங்கையோடு திரும்பிவரும் பெண்ணின்மேல் இரக்கம் இருக்கிறது. வீட்டில் அவளைக் குத்துகிற சாமான் எதுவும் இருக்கக்கூடாது.

அதனால் கேள்வி கேட்ட வாசகருக்கு: ஹாலில் ஃப்ரேம் போடுவது பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் மாதப் படத்தை ஆணியடித்து மாட்டினால், வேண்டாதது நடந்தால் அந்த ஆணியை யார் பிடுங்குவது? ஆனால் தொட்டில் கூடத்தையே அடைத்துக்கொள்ளும். இந்தப் படம் உள்ளங்கை அளவு. சுருக்குப் பையில் போகும், புடவை மடிப்பில் போகும். வேண்டும்போது எடுத்துப் பார்க்கலாம், வேண்டாதபோது யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். இனி பிறக்கும் முன் ஃப்ரேம் கேட்டு வருகிறவர்களிடம் பர்ஸ் அளவு நகல் போதும் என்று சொல்லப்போகிறேன். பிறந்தபிறகு வாருங்கள், நானே குழந்தையின் படத்தோடு சேர்த்து ஃப்ரேம் போட்டுத் தருகிறேன்.

ஜூன் 2

யாரோ ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள், 'கருவறைக்குள் எடுத்த அதிசயம்' என்று. நட்சத்திரங்களுக்கு நடுவே மிதக்கிற மாதிரி ஒரு சிசு, ஆரஞ்சு நிறத்தில். இந்த மாதிரிப் படங்களுக்கெல்லாம் முன்னோடி சுவீடனின் லென்னார்ட் நில்சன் எடுத்தவை. 1965இல் லைஃப் பத்திரிகையில் வந்து உலகமே பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை கருவறைக்குள் எடுத்தவை இல்லை. கலைந்த, கலைத்த கருக்களை வெளியே வைத்து, விளக்குப் போட்டு எடுத்தவை. இது தெரிந்த நாளிலிருந்து என்னால் அந்தப் படங்களை 'அதிசயம்' என்று பார்க்க முடிவதில்லை.

அவை மிக அழகான படங்கள். ஆனால் அவற்றில் அம்மா இல்லை. குழந்தை தனியே வானத்தில் இருக்கிறது. எங்கள் கடைக்கு வரும் அழுக்குச் சாம்பல் நிறப் படத்தில், விசிறி போல் விரிந்த அந்த ஒலிக்கீற்றுக்கு மேலே முதல் வரியில் அம்மாவின் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, தேதியும் நேரமும் இருக்கிறது. குழந்தைக்குப் பெயர் இல்லாத காலத்தில் அந்தப் படத்துக்கு அவள் பெயர்தான். நகல் எடுக்கும்போது அழகுக்காக அந்த வரியை வெட்டிவிடச் சொல்வார்கள். நான் வெட்டித் தருவதில்லை.

ஜூன் 15

நேற்று நள்ளிரவோடு தடைக்காலம் முடிந்தது. சாயங்காலம் டிரைவர் தம்பி ஓடிவந்தார். லாஞ்சில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், பத்து நிமிடத்தில் போகவேண்டும் என்றார். இரண்டு நகல் வேண்டும். ஒன்று அவளுடைய பர்ஸுக்கு, இன்னொன்று தண்ணீர் படாமல் லாஞ்சுக்கு.

ஏப்ரலில் எடுத்த நகல் கம்ப்யூட்டரில் இருந்தது. அது போதும் என்றேன். இல்லை, மூலத்தையே கொண்டுவந்திருக்கிறேன், இன்னொரு தடவை நன்றாக எடுங்கள் என்றார். மேஜை விளக்கைத் திருப்பினேன். அத்தை எழுந்துவந்து, "நவுறு, நான் புடிக்கிறேன்" என்று இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். நான் எடுத்து முடிக்கும்வரை கை அசையவில்லை.

லாஞ்சில் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். வீல் ரூமில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகிவிடுவாராம், மற்றவர்கள் கண்ணில் படாமல். ஐந்தாம் மாத ஸ்கேன் அடுத்த வாரம். அவர் கடலில் இருப்பார், மாமியாரோடு அவள் போவாள்.

"புதுப் படம் வந்தா அவ இங்கதான் எடுத்துக்கினு வருவா. நகல் எடுத்து இத்தோட சேத்து வெச்சிடுக்கா."

அவருக்கு ஒரு கவர் எடுத்து, நடுவில் வெள்ளைத்தாள் வைத்து, மேலே அவளுடைய பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.